ஒரே பாட்டு, இரண்டு சோலோ: கிட்டார் அஞ்சலி கேட்டால் தொண்டை ஏன் அடைக்கிறது?

பெரிய கிட்டார் கலைஞர் ஒருவர் இறந்தால், சில நாட்களுக்குள் அஞ்சலி வாசிப்புகள் வரிசைகட்டி வந்துவிடும். நண்பர்கள் மேடையேறுவார்கள், மகன் அப்பாவின் கிட்டாரைக் கையில் எடுப்பான், முகம் தெரியாத யாரோ ஒருவர் தன் அறையில் உட்கார்ந்து வாசித்த நான்கு நிமிடக் காணொளி உலகத்தைச் சுற்றும். கூடவே ஒரு பழைய சண்டையும் வரும். "ஒரு சுரம் பிசகாமல் அப்படியே வாசித்தானே, அதுதான் மரியாதை" என்று ஒரு கட்சி. "அப்படியே கேட்கத்தான் ஒலிப்பதிவு இருக்கிறதே, இவன் எதற்கு?" என்று எதிர்க்கட்சி.

இரண்டு கட்சிக்காரர்களும் கேட்டுக் கண்கலங்கியவர்கள்தான். கலங்க வைத்தது எது என்பதில்தான் குழப்பம். வாசித்தவரின் விரலா, இறந்தவரின் நினைவா, பாட்டின் மெட்டா? இதைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் கம்பியிலிருந்து தொடங்க வேண்டும்.

கம்பி எப்படிக் குரலாகிறது

கிட்டாருக்குப் பிறவியிலேயே இரண்டு குறைகள். ஒன்று, கம்பியைத் தட்டிய கணத்திலேயே ஒலி சாகத் தொடங்குகிறது. வயலினில் வில் ஓடும்வரை, குழலில் மூச்சு இருக்கும்வரை சுரம் நிற்கும், கிட்டாரில் நிற்காது. இரண்டு, கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் ஃபிரெட் என்ற உலோகக் கட்டைகள் சுரங்களைப் படிக்கட்டு மாதிரி வெட்டி வைத்திருக்கின்றன. மனிதக் குரல் படியேறுவதில்லை. அது வழுக்கிக்கொண்டு போகும், நடுங்கும், பாதியில் உடையும்.

இந்த இரண்டு குறைகளையும் மறைக்க வாசிப்பவர்கள் கண்டுபிடித்த தந்திரங்களைத்தான் நாம் 'உணர்ச்சி' என்று கேட்கிறோம். முக்கியமானவை மூன்று.

1. பெண்டிங். கம்பியை ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டே பக்கவாட்டில் தள்ளுவது. இழுவிசை கூடும், சுரம் ஏறும். 440 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் சுரத்தை ஒரு முழுச்சுரம் ஏற்றினால் சுமார் 494 ஹெர்ட்ஸ். அதிர்வெண் 12 சதவீதம்தான் கூடுகிறது. ஆனால் அதற்குக் கம்பியின் இழுவிசை ஏறக்குறைய 26 சதவீதம் கூட வேண்டும். அந்த வேலை முழுவதும் விரலுடையது. போய்ச் சேர வேண்டிய இடத்தைக் காட்ட அங்கே கட்டை எதுவும் கிடையாது, காதுதான் வழிகாட்டி. வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. கவனிக்க வேண்டியது வேகத்தை. ஒரே தூரத்தைச் சட்டென்று ஏறினால் அதட்டல். தயங்கித் தயங்கி ஏறி, சுரத்துக்கு ஒரு மயிரிழை கீழேயே நின்று, அப்புறம் தொட்டால் விம்மல்.

2. வைப்ரேட்டோ. தொட்ட சுரத்தை ஒரே இடத்தில் வைத்து அசைப்பது. அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங் இதற்கு இலக்கணம். கண்ணாடிக் குழாயைக் கம்பிமேல் வழுக்கி வாசிக்கும் ஸ்லைடு கிட்டாரின் ஒலி அவருக்குப் பிடித்திருந்தது. உறவினர் புக்கா ஒயிட் அப்படி வாசிப்பவர். கிங்குக்கு ஸ்லைடு கைவரவில்லை. அந்த நடுக்கத்தை வெறும் விரலால் கொண்டுவர முயன்றபோது அவருடைய வைப்ரேட்டோ பிறந்தது. பாடும்போது பெரும்பாலும் வாசிக்க மாட்டார். ஒரு வரி பாடி நிறுத்துவார், அடுத்த வரியைக் கிட்டார் சொல்லும். அதனால்தான் அவர் வாசிப்பில் சுரங்கள் குறைவாக இருந்தும் பேச்சு நிறைய இருப்பதாகத் தோன்றுகிறது.

3. சஸ்டெயின். சாகிற சுரத்தைப் பிடித்து நிறுத்துவது. மின்கிட்டாரில் ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு மேல் தள்ளினால் ஒலியலையின் உச்சிகள் வெட்டுப்படும். இதுதான் டிஸ்டார்ஷன். அலையின் தலை ஏற்கெனவே வெட்டுப்பட்டிருப்பதால், கம்பியின் அதிர்வு குறைந்தாலும் காதில் விழும் சத்தம் உடனே குறையாது. இன்னும் ஒரு படி மேலே போய் ஸ்பீக்கருக்கு எதிரே சரியான இடத்தில் நின்றால், வெளியே வரும் ஒலியே கம்பியைத் திரும்ப அதிர வைக்கும். ஃபீட்பேக் என்பது இந்தச் சுற்று. கிட்டார் கலைஞர் கேரி மூர் தன் மேடைகளில் இசைக்குழு முழுவதையும் நிறுத்திவிட்டு ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அது எப்போது முடியும் என்று தெரியாமல் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். விரல் ஒரே இடத்தில் இருக்கிறது, வித்தை என்று காட்ட ஒன்றுமில்லை, அரங்கமே கத்தும்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. கிட்டாரின் தடித்த கம்பி திறந்த நிலையில் சுமார் 82 ஹெர்ட்ஸ், மெல்லிய கம்பி சுமார் 330. நாம் பேசுகிற, பாடுகிற குரல்கள் பெரும்பாலும் புழங்குவது கிட்டாரின் எல்லைக்குள்தான். நடுங்குகிற, தயங்குகிற ஒலி இந்த உயரத்தில் வந்தால், அது கம்பி என்று மனசுக்குத் தெரிந்தாலும் காது அதை ஒரு ஆளாகவே எடுத்துக்கொள்கிறது.

உடம்பு சிலிர்ப்பது எங்கே

சோகமான மெட்டு என்றால் கண்ணீர் வரும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது அவ்வளவு எளிதல்ல. சோகமாகத் தொடங்கிச் சோகமாகவே முடிகிற எத்தனையோ சோலோ, அதாவது தனி வாசிப்பு, நம்மைத் தூங்க வைக்கிறது.

ஜான் ஸ்லோபோடா என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1991ல் வெளியிட்ட ஆய்வில், இசை கேட்டு அழுத, சிலிர்த்த இடங்களைக் குறிப்பாகச் சுட்டிக்காட்டும்படி ரசிகர்களிடம் கேட்டார். கண்ணீர் வந்த இடங்களில் அடிக்கடி தென்பட்டது ஒரு குறிப்பிட்ட அமைப்பு: ஸ்வரக்கூட்டோடு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களோடு) பொருந்தாத பக்கத்துச் சுரத்தில் முதலில் சாய்ந்து, உறுத்தி, அப்புறம் உரிய சுரத்தில் இறங்குவது. சிலிர்ப்பு வந்த இடங்களிலோ, எதிர்பாராத ஸ்வரக்கூட்டு மாற்றங்கள். மேலே சொன்ன பெண்டிங்கை நினைத்துப் பாருங்கள். கீழேயிருந்து கிளம்பி, உறுத்தலான இடத்தில் தங்கி, பிறகு வந்து சேர்வது. பெண்டிங் செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான்.

மூளைக்குள் நடப்பதையும் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் மான்ட்ரியல் ஆய்வாளர்கள் 2011ல் வெளியிட்ட முடிவின்படி, பிடித்த இசையின் உச்சகட்டத்தில் மூளைக்கு இன்பம் தரும் டோபமின் என்ற ரசாயனம் சுரக்கிறது. அந்த உச்சம் வரப்போகிறது என்று காத்திருக்கும் நேரத்திலும் சுரக்கிறது, மூளையின் வேறொரு பகுதியில். அதாவது காத்திருப்புக்குத் தனியாக ஒரு கூலி, வந்துசேர்வதற்குத் தனியாக ஒரு கூலி.

வேகமாக வாசிப்பவர்கள் நம்மை வாய்பிளக்க வைத்தும் அழ வைக்காமல் போவது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வினாடிக்குப் பத்துச் சுரம் கொட்டினால் காத்திருக்க நேரம் ஏது?

நான்கு சுரத்தில் ஒரு ஆள்

இது வேலை செய்யும் விதத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க ஒரு உதாரணம் போதும். பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்', 1975. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரும் அதன் முதல் கிட்டார்காரருமான சிட் பாரெட், மனநிலை குலைந்து 1968ல் வெளியேறினார். பாட்டு அவரைப் பற்றியது. எழுதப்பட்டபோது அவர் உயிரோடுதான் இருந்தார்.

நான்கு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட மெதுவான முன்னுரை ஓடுகிறது. பிறகு டேவிட் கில்மோரின் கிட்டாரில் நான்கே சுரங்கள் தனியாக விழுகின்றன: பி ஃப்ளாட், எஃப், ஜி, ஈ. பாட்டின் ஆதாரம் ஜி மைனர், மேற்கத்திய இசையில் சோகச் சாயல் கொண்ட ஸ்வர வரிசை. ஜி-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் இது கா, நி, ச, தா. முதல் இரண்டும் மைனருக்கு உரிய சின்னக் காந்தாரம், சின்ன நிஷாதம். மூன்றாவதாக ஷட்ஜத்தைத் தொட்டுவிட்டது. வீடு வந்தாயிற்று என்று நினைக்கிறோம். நான்காவது சுரம் அங்கிருந்து விலகித் தைவதத்தில் போய் நிற்கிறது. அதுவும் மைனரில் காது எதிர்பார்க்கும் சின்னத் தைவதம் இல்லை, பெரியது. நடபைரவி ராகம் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது கரகரப்பிரியாவாகிவிடுகிறது. நின்ற இடத்திலேயே ஒலி தேய்ந்து மறைகிறது, பதில் இல்லை. சற்றுப் பொறுத்து அதே நான்கு சுரங்கள் மறுபடி.

இந்தச் சுரங்கள் முதலில் வந்தன, அவற்றைக் கேட்டுத்தான் பாரெட்டைப் பற்றிய பாட்டு வளர்ந்தது. 'வீட்டுக்கு வந்தும் தங்காத ஆள்' என்று சொல்ல நான்கு சுரம் போதுமானதாக இருந்திருக்கிறது. 1975 ஜூன் 5 அன்று, இந்தத் தொகுப்பின் வேலை நடந்துகொண்டிருந்த லண்டன் ஸ்டூடியோவுக்குப் பாரெட்டே வந்தார். தலையையும் புருவத்தையும் மழித்து, உடல் பருத்திருந்த அவரைப் பழைய நண்பர்களுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

அஞ்சலி என்ற சொல்லுக்குள் எத்தனை வகை

சண்டை வருவதற்குப் பாதிக் காரணம், வேறு வேறு காரியங்களை ஒரே சொல்லால் அழைப்பது. பிரித்தால் இப்படி வரும்.

1. கவர். இறந்தவரின் பாட்டையே வாசிப்பது. சுரத்துக்குச் சுரம் நகலாகவும் இருக்கலாம், தலைகீழாக மாற்றியதாகவும் இருக்கலாம். ஸ்டீவி ரே வான், ஜிமி ஹென்ட்ரிக்ஸின் 'லிட்டில் விங்'கை வரிகளே இல்லாமல் வாசித்தது இரண்டாவது வகை. பாடகனின் இடத்தைக் கிட்டார் எடுத்துக்கொண்டது. வான் இறந்த பிறகு, 1991ல்தான் அந்தப் பதிவு வெளிவந்தது. ஹென்ட்ரிக்ஸுக்குச் செய்த மரியாதை, கேட்டவர்களுக்கு வானின் நினைவாகவும் ஆகிவிட்டது.

2. பாணி. பாட்டு வேறு, கைவழி அவருடையது. ஜெஃப் பெக் 1975ல் ஒரு வாசிப்பைச் சக கிட்டார் கலைஞர் ராய் புக்கானனுக்குக் காணிக்கையாக்கினார். புக்கானனின் கைவித்தைகளில் ஒன்று, வால்யூம் குமிழை மூடிவைத்துக் கம்பியைத் தட்டி, பிறகு சுண்டுவிரலால் மெல்லத் திறப்பது. தட்டிய சத்தம் காணாமல் போய், சுரம் மட்டும் மூச்சுபோல எழும்பும். பெக் அதையே தன் பேச்சாக்கிக்கொண்டார். புக்கானனும் அப்போது உயிரோடு இருந்தவர்தான்; அஞ்சலிக்கு மரணம் கட்டாயமில்லை.

3. புதுப்பாட்டு. கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் தன் நான்கு வயது மகனை 1991ல் இழந்தார். அந்தத் துக்கத்தில் பிறந்த பாட்டை 1992ல் மேடையில் வாசிக்கும்போது அவர் எடுத்தது நைலான் கம்பிக் கிட்டார். சஸ்டெயினுக்குப் பேர்போனவர், சுரம் சட்டென்று செத்துப்போகிற கிட்டாரை எடுத்தார். இழுத்துப் பிடித்து நிறுத்த அதில் வழியே இல்லை.

4. கூட்டு மேடை. பலர் கூடி ஒருவருக்காக வாசிப்பது. இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

2004: ஒரே பாட்டு, இரண்டு சோலோ

நகலா, சொந்தமா என்ற கேள்விக்கு ஒரே மேடையில் இரண்டு பதிலும் கிடைத்த இடம் இது. 2004 மார்ச் 15, நியூயார்க். ராக் இசையின் பெரியவர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில், பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனைத் தனிக் கலைஞராகச் சேர்க்கும் விழா. அவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. எடுத்துக்கொண்ட பாட்டு, பீட்டில்ஸுக்காக அவர் 1968ல் எழுதிய 'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்'.

பாட்டைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, அதன் அடிச்சுரம், அதாவது கீழே ஓடும் பேஸ், படிப்படியாக இறங்குகிறது: ஏ, ஜி, எஃப் ஷார்ப், எஃப். மேற்கத்திய இசையில் இப்படி இறங்கும் அடிச்சுர வரிசை முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் புலம்பலின் அடையாளம். நம் கணக்கில் ச, நி, பெரிய தா, சின்ன தா. ஹாரிசன் தன் மகனுக்கு வைத்த பெயர் தாநி. நம் ஸ்வர வரிசையின் அந்த இரண்டு எழுத்துகளைச் சேர்த்து வைத்தது. பாட்டு வந்து பத்து ஆண்டு கழித்துப் பிறந்த பிள்ளை என்பதால் இது வெறும் தற்செயல், ஆனாலும் சொல்லாமல் விட மனசில்லை.

இரண்டாவது, அந்தப் பாட்டில் பிரபலமான சோலோவை வாசித்தது ஹாரிசன் இல்லை. நண்பர் கிளாப்டனை ஸ்டூடியோவுக்கு அழைத்து வந்து வாசிக்க வைத்தார். இசைத்தட்டில் கிளாப்டன் பெயர் போடப்படவில்லை. அவர் வாசிப்பு பீட்டில்ஸ் ஒலியோடு ஒட்டவேண்டும் என்று சுருதி லேசாகத் தள்ளாடும்படி மின்கருவியில் பதப்படுத்தினார்கள். அந்தத் தள்ளாட்டமே அழுகையாகிவிட்டது.

சரி, 2004 மேடை. டாம் பெட்டியும் ஜெஃப் லினும் பாடுகிறார்கள், ஸ்டீவ் வின்வுட் ஆர்கனில், தாநி ஹாரிசன் அக்கூஸ்டிக் கிட்டாரோடு நடுவில். நடு சோலோவை வாசிப்பவர் மார்க் மன், லின்னோடு வாசிக்கும் கிட்டார்காரர். 1968 பதிவில் கிளாப்டன் வாசித்ததை ஏறக்குறைய அப்படியே வாசிக்கிறார், ஒழுங்காக, தன்னை முன்னால் நிறுத்திக்கொள்ளாமல். கேட்கிறவர்களுக்குப் பழைய பதிவு மனதில் எழும்புகிறது. அவர் வேலை அதுதான், சுத்தமாகச் செய்தார்.

இந்த நேரமெல்லாம் மேடையின் ஓரத்தில் சிவப்புத் தொப்பியோடு ஒருவர் வெறுமனே ஸ்வரக்கூட்டு அடித்துக்கொண்டு நிற்கிறார். பாட்டு முடிவுக்கு வரும்போது அவர் முன்னால் வருகிறார்: அமெரிக்கப் பாப் நட்சத்திரம் பிரின்ஸ். அடுத்த மூன்று நிமிடம் அவருடையது.

முதலில் சில நீண்ட பெண்டிங், இடைவெளி விட்டு. அடிச்சுரம் மட்டும் பழையபடி இறங்கிக்கொண்டே இருக்கிறது. பிரின்ஸ் அதன்மேல் ஏறிக்கொண்டே போகிறார். கீழே ஒப்பாரி, மேலே ஆர்ப்பாட்டம். கிளாப்டனின் சோலோவை அவர் திருப்பிச் சொல்லவில்லை. நடுவில் முதுகைக் காட்டிக் கூட்டத்தின் பக்கம் அப்படியே சாய்கிறார், கீழேயிருந்து ஒருவர் தாங்கிப் பிடிக்கிறார், வாசிப்பு நிற்கவில்லை. தாநியின் முகத்தைப் பாருங்கள். அப்பாவுக்கான அஞ்சலி மேடையில் அந்தப் பையன் காதுவரை சிரித்துக்கொண்டிருக்கிறான். கடைசிச் சுரம் முடிந்ததும் பிரின்ஸ் கிட்டாரைக் கழற்றி மேலே எறிகிறார், திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறார். கிட்டார் கீழே விழுவது காட்சியில் தெரிவதே இல்லை.

இதைத் திமிர் என்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. அந்தப் பாட்டின் சோலோ இடம் தொடக்கத்திலிருந்தே விருந்தாளிக்காக ஒதுக்கியது. தன் பாட்டில் இன்னொருவன் வந்து அழட்டும் என்று ஹாரிசன் திறந்துவைத்த கதவு அது. கிளாப்டனை நகல் எடுத்தால் கிளாப்டனுக்குத்தான் மரியாதை. அந்தக் கதவு வழியே யாருடைய நகலாகவும் இல்லாமல் தன் குரலோடு உள்ளே வந்தவர் பிரின்ஸ். ஆனால் மார்க் மன் முதலில் பழைய சோலோவை நினைவுபடுத்தியிருக்காவிட்டால், பிரின்ஸ் எங்கிருந்து கிளம்பினார் என்பதே நமக்குத் தெரிந்திருக்காது. நகல் ஒரு கரை, சொந்தம் எதிர்க்கரை. நம்மை உலுக்கியது நடுவிலிருந்த தூரம்.

ஆள் குறைந்த மேடை

1990 ஆகஸ்ட் 26 இரவு, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு திறந்தவெளி அரங்கம். நிகழ்ச்சி முடிவில் கிளாப்டன், பட்டி கை, ராபர்ட் கிரே, ஸ்டீவி ரே வான், அவருடைய அண்ணன் ஜிம்மி வான் ஆகிய ஐந்து கிட்டார்காரர்கள் சேர்ந்து வாசித்தார்கள். நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில், பனிமூட்டத்தில் கிளம்பிய ஹெலிகாப்டர் மலைச்சரிவில் மோதி ஸ்டீவி ரே வான் இறந்தார். வயது 35.

1995 மே 11 அன்று டெக்சஸின் ஆஸ்டினில் ஜிம்மி ஒரு அஞ்சலி நிகழ்ச்சி நடத்தினார். பி.பி. கிங், பானி ரெயிட், டாக்டர் ஜான் போன்றவர்களோடு, அந்தக் கடைசி இரவில் மேடையில் இருந்த மற்ற மூவரும் வந்தார்கள். வந்தவர்கள் வரிசையாக ஸ்டீவியின் பாடல்களைத் தங்கள் பாணியில் வாசித்தார்கள். பழைய மேடை தெரிந்தவர்கள் எண்ணிக்கையைத்தான் பார்த்திருப்பார்கள். ஐந்து பேரில் நாலு பேர். எந்தச் சுரமும் இதைச் சொல்ல வேண்டியதில்லை, நிற்கிற வரிசையே சொல்லிவிடுகிறது.

வாசிக்க மறுப்பதும் அஞ்சலிதான். வான் ஹேலன் குழுவின் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் 2020 அக்டோபர் 6 அன்று இறந்தார். அடுத்த ஆண்டு கிராமி விழாவில் அப்பாவின் புகழ்பெற்ற தனி வாசிப்பை வாசிக்கும்படி மகன் வுல்ஃப்காங்கைக் கேட்டார்கள். அப்பா செய்ததை அப்பாவைத் தவிர யாரும் எட்ட முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். ஆனால் 2022 செப்டம்பரில் லண்டன் வெம்ப்ளியில் டிரம்ஸ் கலைஞர் டெய்லர் ஹாகின்ஸுக்காக நடந்த நிகழ்ச்சியில், அப்பாவின் இரண்டு பாடல்களை அதே மகன் வாசித்தார். ஹாகின்ஸ் வான் ஹேலன் குழுவின் தீவிர ரசிகர். தன் அப்பாவுக்காக வாசிக்க முடியாததை, அப்பாவை நேசித்த இன்னொருவருக்காக வாசிக்க முடிந்தது. இதில் முரண்பாடு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கை மாறும் கிட்டார்

சில நேரம் வாத்தியமே அஞ்சலி. ஃப்ளீட்வுட் மேக் குழுவைத் தொடங்கிய பீட்டர் கிரீனிடம் 1959ஆம் ஆண்டில் செய்த லெஸ் பால் ரக மின்கிட்டார் ஒன்று இருந்தது. மின்கிட்டாரில் கம்பியின் அதிர்வை வாங்குவது பிக்கப், அதாவது காந்தமும் கம்பிச்சுருளும். இந்தக் கிட்டாரில் இருந்த இரண்டு பிக்கப்பில் ஒன்றின் காந்தம் தலைகீழாக இருந்தது. இரண்டையும் சேர்த்து இயக்கினால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். அடிக்கனம் அழிந்து, மூக்கால் பேசுவதுபோல ஒரு வெற்று ஒலி மிஞ்சும். ஆயிரம் கிட்டாருக்கு நடுவில் தெரியும் ஒலி. பிறந்தது ஒரு பிழையில்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கிரீன் அதை இளைஞர் கேரி மூருக்கு மிகக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். மூர் 1995ல் அதே கிட்டாரை வைத்துக் கிரீனின் பாடல்களை ஒரு தொகுப்பாக வாசித்து வெளியிட்டார். 2006ல் விற்றார். 2014ல் அது மெட்டாலிகா குழுவின் கிட்டார்காரர் கிர்க் ஹாமெட் கைக்கு வந்தது. 2020 பிப்ரவரி 25 அன்று லண்டனில் கிரீனின் பாடல்களைக் கொண்டாடும் நிகழ்ச்சி நடந்தது. ஹாமெட் அந்தக் கிட்டாரோடு மேடையேறினார். கிரீன் வரவில்லை. ஐந்து மாதத்தில், ஜூலை 25 அன்று இறந்தார். அந்தக் கிட்டாரைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்காமல் ஹாமெட் மேடைக்கு மேடை கொண்டுபோய் வாசிக்கிறார்.

நேர் எதிரான கதையும் உண்டு. பான்டெரா குழுவின் கிட்டார்காரராக இருந்த டைம்பேக் டேரல் 2004 டிசம்பர் 8 அன்று மேடையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டபோது, எடி வான் ஹேலன் தன் பழைய கறுப்பு மஞ்சள் கோடு போட்ட கிட்டாரைக் கொண்டுவந்து சவப்பெட்டிக்குள் வைத்தார். பிரதி இல்லை, வான் ஹேலன் குழுவின் இரண்டாவது தொகுப்பின் பின்னட்டையில் இருந்த அதே கிட்டார். அதை இனி யாரும் வாசிக்கப் போவதில்லை.

சட்டமும் தொழில்நுட்பமும்

அஞ்சலிக் காணொளி திடீரென்று காணாமல் போனால் ரசிகர்கள் கொதிக்கிறார்கள். காரணம் சாதாரணமானது. ஒரு பாட்டில் இரண்டு உரிமை: மெட்டு, வரிகளுக்கான உரிமை ஒன்று, குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கான உரிமை மற்றொன்று. மேடையில் வாசிக்க, வழக்கமாக அரங்கத்துக்காரர்கள் உரிமை அமைப்புகளுக்குக் கட்டணம் செலுத்தியிருப்பார்கள். அதே வாசிப்பைப் பதிவு செய்து விற்க வேறு அனுமதி, காணொளியோடு சேர்க்க இன்னொன்று. நாட்டுக்கு நாடு விவரம் மாறும். ஒருவருடைய பாணிக்கோ, கிட்டார் ஒலியின் நிறத்துக்கோ பொதுவாக யாரும் உரிமை கொண்டாட முடியாது.

இறந்தவரை ஒளியுருவமாக மேடையில் நிறுத்தும் ஹாலோகிராம் நிகழ்ச்சிகளும் வந்துவிட்டன. மறைந்த கிட்டார் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவை 2019ல் அப்படிச் சுற்றுப்பயணம் அழைத்துப் போனார்கள். வேடிக்கை பார்க்கலாம். அஞ்சலி என்றால், காலியாக இருக்க வேண்டிய இடத்தை விளக்கு போட்டு அடைத்துவிட்டார்களே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த முறை கேட்கும்போது

1. பெண்டிங் போய்ச் சேரும் நேரத்தைக் கவனியுங்கள். சுரத்தைவிட, சுரத்துக்கு முந்தைய அரை நொடியில்தான் ஆள் இருக்கிறார்.

2. வாசிக்காத இடங்களை எண்ணுங்கள். மூச்சு வாங்க இடம் விடாதவர் நம்மோடு பேசவில்லை.

3. கீழே அடிச்சுரம் எங்கே போகிறது என்று பின்தொடருங்கள். சோலோவின் பாதிச் சோகம் பெரும்பாலும் பேஸ் வாசிப்பவரின் கையில் இருக்கும்.

4. மேடையில் யார் வாசிக்கவில்லை என்று பாருங்கள்.

நான்காவதுக்கு ஒரே ஒரு மேடை. 2002 நவம்பர் 29, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால், ஹாரிசன் இறந்து சரியாக ஒரு ஆண்டு. இசைப்பொறுப்பு கிளாப்டனுடையது. பால் மெக்கார்ட்னி, ரிங்கோ ஸ்டார், டாம் பெட்டி, ஜெஃப் லின் என்று மேடை நிறையக் கலைஞர்கள். முதல் பாதியில் ரவிசங்கர் ஹாரிசனுக்காக எழுதிய இசையை அவர் மகள் அனுஷ்கா நடத்தினார். தாநி இரவு முழுவதும் அக்கூஸ்டிக் கிட்டாரோடு நின்றார். அந்தப் பையனின் முகத்தில் அப்பாவின் சாயல் அப்படியே. கிளாப்டன் 1968 சோலோவை, இந்த முறை பெயர் சொல்லியே, வாசித்தார்.

எல்லாம் முடிந்த பிறகு பழைய நண்பர் ஜோ பிரௌன் முன்னால் வந்தார். கையில் யுகுலேலே. ஹாரிசனுக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி பிடித்த வாத்தியம். கனவில் சந்திப்போம் என்று சொல்லும் பழைய காதல் பாட்டு ஒன்றைப் பாடினார். நான்கு கம்பி, பெண்டிங் இல்லை, ஃபீட்பேக் இல்லை, தட்டிய சுரம் ஒரு நொடி தாங்காது. பின்னால் அத்தனை கிட்டார்காரர்களும் நின்றிருந்தார்கள். மேலேயிருந்து பூவிதழ்கள் உதிர்ந்துகொண்டிருந்தன.